மூன்றாம் வீர வல்லாளன்

மூன்றாம் வீர வல்லாளன் (ஆட்சி: 1292–1342), துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட போசள மரபின் கடைசிப் பெருமன்னன். தில்லிப் படைகளும் பின்னர் மதுரை சுல்தான்களும் அடுத்தடுத்து மோதிய காலத்தில் ஐம்பது ஆண்டுகள் அரசைக் கட்டிக்காத்தவன்.

அவன் பாட்டன் சோமேசுவரன் நாட்டை இரண்டாகப் பிரித்திருந்தான். துவாரசமுத்திரம் மூத்த மகன் மூன்றாம் நரசிம்மனுக்கும், தமிழ்ப் பகுதி இளையவன் இராமநாதனுக்கும் போயின. பாண்டியர் நெருக்கியதால் இராமநாதன் காவிரிக்கரைக் கண்ணனூரை விட்டு, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்ட மலைப்பகுதியிலிருந்த குந்தாணிக்கு வந்து ஆண்டான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எனத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைச் சீமை அப்படித்தான் போசள வரலாற்றின் நடுவே வந்தது. இராமநாதன் 1295இல் இறந்தான். அவன் மகன் விசுவநாதனின் ஆட்சி நீடிக்கவில்லை. நரசிம்மன் மகனான வல்லாளன் இரு பகுதிகளையும் ஒன்றாக்கினான்.

பிரிந்து கிடந்த நாட்டை அவன் சேர்த்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1301இல் குந்தாணி இராச்சியம், முரசு நாடு உள்ளிட்ட பகுதிகளின் மடத்தாருக்கும் கோயில் தானத்தாருக்கும் ஓர் ஆணை அனுப்பினான். கோயில், மடம், சமணப் பள்ளி ஆகியவற்றுக்கு விடப்பட்ட தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்களின் மீதான வரிகளை அது நீக்கியது. ஒரே ஆணை பல ஊர்க் கோயில்களில் தமிழில் வெட்டப்பட்டது. பங்காளியின் குடிகளைத் தன் குடிகளாக்க வாளைவிட வரிவிலக்கே உதவும் என்று அறிந்த அரசன் அவன். என் மதிப்பில், அவன் செய்தவற்றுள் அறிவு மிக்க செயல் இதுவே.

1311 தொடக்கத்தில், பாண்டிய உடன்பிறப்புகளின் சண்டையில் ஆதாயம் தேடி அவன் தெற்கே போயிருந்த வேளையில், தில்லித் தளபதி மாலிக் கபூரின் படை துவாரசமுத்திரத்தைச் சூழ்ந்தது. திரும்பி ஓடிவந்தவன் செல்வத்தையும் யானைகளையும் கொடுத்து, ஆண்டுத் திறைக்கும் இசைந்தான். மகன் விருபாட்சன் தில்லி சென்று 1313இல் மீண்டான். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து மன்னன் ஏதல்ரெட்டும் (978–1016) வைக்கிங் படைகளுக்கு 991 முதல் திரும்பத் திரும்ப வெள்ளி கொடுத்து அவகாசம் வாங்கினான். ‘நல்லாலோசனை அற்றவன்’ என்ற பழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வல்லாளனின் திறையையும் கோழைத்தனம் என்று எழுதுவது நியாயமல்ல. அவன் பிழை திறை கொடுத்ததில் இல்லை. தலைநகரைக் காவலின்றி விட்டுப் போனதில் இருந்தது.

1327இல் தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் படை துவாரசமுத்திரத்தை அழித்தது. வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டான். அங்கே அண்ணாமலையார் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1335இல் மதுரையில் தனி சுல்தானியம் எழுந்தது. முதுமையிலும் வல்லாளன் அதை எதிர்த்துப் படை நடத்திக் கண்ணனூரை முற்றுகையிட்டான். கோட்டையிலிருந்தோர் மதுரையைக் கேட்டு முடிவு சொல்ல அவகாசம் வேண்ட, அவன் கொடுத்தான். அந்த இடைவெளியில் சுல்தான் கியாசுதீன் திடீரென்று பாய்ந்தான். பிடிபட்ட அரசனிடம் விடுதலை ஆசை காட்டிச் செல்வத்தைப் பறித்து, பிறகு கொன்றார்கள். எண்பது வயது மன்னனின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தானே கண்டதாகப் பயணி இபின் பதூதா எழுதியுள்ளார். வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் தந்த அந்த அவகாசம்தான் அவனை வீழ்த்தியது.

அடுத்து நான்காம் வல்லாளனாக முடிசூடியவன், தில்லி சென்று மீண்ட அதே விருபாட்சன். 1346க்குள் போசள அரசு மறைந்து, நாடு விசயநகரச் சங்கம மரபினரிடம் சேர்ந்தது.

திருவண்ணாமலை மக்களோ வல்லாளனைப் பிள்ளையில்லாத அரசனாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அண்ணாமலையாரே அவனுக்கு மகனானார் என்பது அவ்வூர்த் தலபுராணக் கதை. மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் சடங்கு ஆண்டுதோறும் இன்றும் நடக்கிறது.