பல்கலைக்கழக நூலகரின் பணிச்சூழலும் பணித்திறனும்: சென்னையும் தேவ்நாரும்

முன்னுரை

நூலகரின் பணித்திறன் அவர்தம் கல்வியாலும் ஊக்கத்தாலும் மட்டும் அமைவதன்று. பணியிடம், பயிற்சி, தகுதிநிலை, பணிப்பாதுகாப்பு ஆகிய புறக்காரணிகளும் அதனை வரையறுக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம், மும்பை தேவ்நாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

அரங்கநாதனின் பட்டறிவு

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழி சீ.இரா. அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். தனிமையும் செயலின்மையும் வாட்டவே, சில நாள்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விழைந்தார். பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சிக்காக இலண்டனுக்கு அனுப்பியது. அங்குள்ள நூலகங்கள் இயங்கும் முறையைக் கண்டு 1925இல் திரும்பியவர், 1944 வரை அப்பணியிலேயே நிலைத்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இலும், கோலன் பகுப்புமுறை 1933இலும் வெளிவந்தன. தனிமனித ஆற்றலே போதுமெனின், 1924இல் அவர் சோர்ந்ததற்குக் காரணம் கூற இயலாது. ஆள் மாறவில்லை, பணியின் சூழலே மாறியது.

தேவ்நார் நிறுவனம்

1936இல் மும்பை நாக்பாடாவில் சமூகப்பணிப் பள்ளியாகத் தொடங்கிய இந்நிறுவனம், 1954இல் தேவ்நார் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இதன் இரண்டாம் இயக்குநர் ஜே.எம். குமரப்பா, தமிழகத்துக் காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். பயிற்சிப்பள்ளி ஆய்வு நிறுவனமாக வளருங்கால், நூல் வழங்கும் பணியோடு ஆய்வாளர்க்குத் தரவு தேடித்தரும் பணியும் நூலகர்மேல் சேர்கிறது. பணி விரிந்த அளவிற்குத் தகுதிநிலையும் உயர்தல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அரங்கநாதன் தலைமையில் அமைத்த நூலகக் குழு, நூலகர்க்கு ஆசிரியரோடொத்த தகுதியும் ஊதியமும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

பணிப்பாதுகாப்பு

2024 சூன் இறுதியில் இந்நிறுவனம், நல்கையைச் சார்ந்த ஒப்பந்தப் பணியிலிருந்த ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் நூற்றுக்கும் மேற்பட்டோர்க்குப் பணிநீட்டிப்பு இல்லையென அறிவித்தது. சில நாள்களில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எனினும், ஒப்பந்தப் பணியின் நிலையாமையை அது வெளிப்படுத்தியது. நூலகப் பணிக்கு இந்நிலை மிகவும் ஊறு செய்வதாகும். எந்நூல் எங்குள்ளது, எவ்வாய்வுக்கு எது துணையாகும் என்னும் அறிவு பட்டியலில் முழுதும் அடங்குவதன்று. பல்லாண்டுப் பழக்கத்தால் விளைவது. பணியாளர் விலகுங்கால் அவ்வறிவும் விலகுகிறது.

முடிவுரை

அரங்கநாதனின் சாதனைக்குப் பயிற்சியும் இருபதாண்டு நிலைபேறும் அடித்தளமாயின. அவ்விரண்டையும் வழங்காமல் நூலகரின் திறனை மட்டும் அளப்பது முறையான மதிப்பீடாகாது.