சவ்வு மாசடைதலைத் தடுக்கும் மேற்பரப்பு மாற்றங்களின் வரலாறு

நீர் சுத்திகரிப்புச் சவ்வின் மீது நுண்ணுயிரிகளும் கரிமப் பொருட்களும் படிந்து நீரோட்டத்தைக் குறைப்பது சவ்வு மாசடைதல் எனப்படும். 1960 அளவில் லோப், சௌரிராஜன் ஆகியோர் கலிபோர்னியாவில் உருவாக்கிய செல்லுலோசு அசிட்டேட்டுச் சவ்வு குளோரினை ஓரளவு தாங்கியது. எனவே நுண்ணுயிரிகளைக் குளோரின் கொண்டு கட்டுப்படுத்த முடிந்தது.

1970களின் இறுதியில் ஜான் கடோட் உருவாக்கிய பாலியமைடு சவ்வு உப்பைச் சிறப்பாகப் பிரித்தது; ஆனால் குளோரின் அதைச் சிதைத்தது. ஆகவே, மாசு ஒட்டாதபடி மேற்பரப்பையே மாற்றும் ஆய்வுகள் முக்கியத்துவம் பெற்றன. பாலிவினைல் ஆல்ககால் போன்ற நீர்நாட்டமுள்ள பூச்சுகள் சவ்வின் மேல் நீர்மூலக்கூறுகளைப் பிடித்துவைத்து, மாசு ஒட்டுவதைக் குறைக்கின்றன.

2007 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கடல்மட்டிகளின் பசைப் புரதத்தைப் பின்பற்றி பாலிடோப்பமைன் பூச்சை அறிவித்தனர். பின்னர் இது சவ்வுகளுக்கும் பயன்பட்டது. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டித் தொல்லை தரும் உயிரினமே ஒட்டாமைக்கும் வழிகாட்டியது. எனினும், பூச்சு தடித்தால் நீரோட்டமும் குறையும் என்பதே இன்றும் தொடரும் சிக்கலாகும்.