தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கு

சிலிம் ரிவர் என்றதும் வரலாறு பயின்றோர்க்கு 1942 ஜனவரி 7ஆம் நாள் நினைவுக்கு வரும். துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் பாலம் வரை ஜப்பானியரின் கவச வண்டிகள் ஊடுருவி, 11ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்த நாள் அது. நான்கே நாளில் கோலாலம்பூரும் வீழ்ந்தது. அப்போர் நூல்களில் ஏறிற்று. அதே சாலையோரத்தில் தராசும் படியுமாகப் பிழைக்க முனைந்த தமிழரின் வரலாறு ஏறவில்லை.

இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் நடத்திய முதற்கடைகளுள் பல கங்காணிகளின் கடைகளே. ஆள் கட்டி வந்தவரே அரிசியும் உப்பும் மிளகாயும் அளந்தார். அளந்ததைக் கணக்கிலும் ஏற்றினார். எழுத்தறியாத் தொழிலாளி அக்கணக்கை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்? தோட்டத்துக்கு வெளியே சீனர் மளிகைக் கடை இருந்தது. அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் வாங்கியதை எழுதிச் சம்பள நாளில் தீர்ப்பது வழக்கமாயிற்று. அக்கடைக்காரரைச் சுரண்டற்காரர் என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது, நியாயமன்று. ஈடின்றிக் கடன் கொடுக்க அந்நாளில் தொழிலாளிக்கு வேறு எவர் இருந்தார்?

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் என்ற கணக்கில் முதல் திரட்டி ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி என விரல்விட்டு எண்ணத்தக்க சரக்குகள்; கடன் என்ற பேச்சே இல்லை. உலகக் கூட்டுறவு இயக்கம் அக்கடையிலிருந்து கிளைத்தது. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தது. தோட்டங்களில் சிக்கன, கடன் சங்கங்கள் தோன்றின. ஆனால் ரொக்கத்துக்கே விற்பது என்ற ராச்டேல் விதியைத் தோட்டத்துக் கடையில் நடத்திக் காட்டுவது பெரும்பாடு.

காரணம் இரப்பர் மரத்திடமே இருந்தது. இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வேலை குறைந்தால் கூலியும் குறையும். வயிறு மட்டும் குறைத்துக் கேட்பதில்லை. ஆதலின் புதிதாகக் கடை வைப்பவர், ஒரு மாதச் சரக்குக்கு மட்டும் முதல் தேடினால் போதாது. விற்ற சரக்கின் பணம் திரும்பும் முன்பே மறுசரக்கு வாங்கும் வலிமை வேண்டும். மொத்த வணிகர் தவணை நாளில் பணம் கேட்பார். தொழிலாளியோ அடுத்த சம்பளத்தைக் காட்டுவான். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விழுந்து மூடிய கடைகளே மிகுதி. வெங்காயமும் பருப்பும் கருவாடும் விலைபோகாமல் அழிந்த கடைகள் சிலவே. விலைபோயும் பணம் வாராமல் அழிந்தவை பல.

ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமரத் தாள்கள் 1945இல் வெறுங்காகிதமாயின. கல்லாப்பெட்டி நிறைந்திருந்தவரும் அன்று ஏழையே. பின்னர் 1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் உணவு செல்லாதிருக்க, தகர டப்பாக்களைத் துளையிட்டே விற்க வேண்டும், வாங்கியவர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று கடைக்காரர்மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே 12 பேர் கொல்லப்பட்டபோது, ஜெனரல் டெம்பிளர் அவ்வூர் மீது நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. கடைகள் திறந்திருந்தவை இரண்டு மணி நேரமே. சிலிம் ரிவர் கடைத்தெரு அந்நிகழ்ச்சியை அண்டை ஊரிலிருந்து கண்டது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையோடு வீடும் போயிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. நிலத்துக்குக் கூடிய கைகள் கடைக்கு அவ்வளவாகக் கூடவில்லை என்பது வருந்தத்தக்கது. கடை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் துணிவாகவே நின்றது. 1951இல் அமைந்த ஊழியர் சேமநிதியின் பணம், மனைவியின் நகை, கூட்டுச் சீட்டு ஆகியவையே அதற்கு முதல். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஏமாற்றுக்காரரை ஒடுக்க வந்த அச்சட்டம், வங்கியின் வாயிற்படி ஏறாத எளியவரின் முதலையும் வற்றச் செய்தது.

பழைய நெடுஞ்சாலையில் நின்று தேநீர் அருந்திச் சென்ற பயணிகளை, 1994இல் நிறைவுற்ற வடக்கு தெற்கு விரைவுச்சாலை ஊருக்கு வெளியே கொண்டுபோயிற்று. தோட்டத்து இளைஞரும் நகர்களுக்குப் பெயர்ந்தனர். இந்தியச் சிறு வணிகர்க்கென தெக்குன் நிறுவனத்தின் கடன் திட்டம் 2008இல் வந்தது. அக்கடனுக்கு மனுச் செய்வோரிடம் வணிகப் பதிவுச் சான்று கேட்கப்படுகிறது. 555 குறிப்பேட்டை அங்கே எவரும் கேட்பதில்லை.