பெயர்களைச் சேர்த்து வைத்த புன்னியாமீன் சேர்

 

2016 மார்ச் 10ஆம் திகதி, கலாபூசணம் பீ.எம். புன்னியாமீன் சேர் எங்களை விட்டுப் பிரிந்தார். அப்போது அவருக்கு வயது 55 தான். கண்டி மாவட்டத்தில் தமிழில் படித்த பிள்ளைகளில் பலருக்கு அவர் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வழிகாட்டிப் புத்தகத்தின் அட்டையில் இருந்த ஒரு பெயர். அவர் செய்த பெரிய வேலை வேறொன்று. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மகாவலிக்கு அப்பால், மடவளைக்குப் போகும் வழியில் இருக்கும் உடத்தலவின்னை மடிகேயில் 1960இல் பிறந்தவர் அவர். அந்த ஊரின் பெயரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. கண்டி மன்னர்களின் ஆட்சியில் போக்குவரத்துக்கென்று ‘மடிகே பத்த’ என்றொரு திணைக்களம் இருந்தது. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கும் மிளகும் கீழே இறங்கின. அந்தச் சேவையில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தார்கள். ‘மடிகே’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். ஊரின் பெயர் மிஞ்சியது. மாடு ஓட்டியவர்களின் பெயர்களில் எத்தனை மிஞ்சின? ஒரு சாதாரண மனிதனின் பெயரை யாராவது எழுதி வைக்காவிட்டால், மூன்றாவது தலைமுறையில் அது போய்விடும்.

புன்னியாமீன் சேர் எழுபதுகளின் இறுதியில் சிறுகதை எழுதத் தொடங்கினார். சிறுகதை, நாவல், பாடநூல், வழிகாட்டி என்று 150இற்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். ‘சிந்தனை வட்டம்’ என்ற பெயரில் ஊரிலிருந்தே வெளியீட்டகம் நடத்தினார். கொழும்புக்குப் போய் அச்சகப் படி ஏற வழியில்லாத எத்தனையோ பேருடைய முதல் புத்தகம் அதன் மூலம் வெளிவந்தது. அவருடைய துணைவியார் மஸீதா புன்னியாமீனும் எழுத்தாளர்தான்.

எங்களைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும் விடப் பெரியது அவருடைய விபரத்திரட்டு. இலங்கையின் முஸ்லிம் எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் பற்றிய குறிப்புகளை முதலில் பத்திரிகையில் தொடராக எழுதி, 2004இலிருந்து பாகம் பாகமாக நூலாக்கினார். பிறகு வட்டத்தை அகலமாக்கி, இனமத பேதமின்றித் தமிழில் எழுதுகிற எல்லோரையும் சேர்த்துக்கொண்டார். புகழ் பெற்றவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே வாரமஞ்சரிக்குக் கவிதை அனுப்பிய ஆசிரியரை யார் பதிவார்கள்? சேர் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போனார். பெயர், புனைபெயர், பிறந்த ஊர், வாப்பா உம்மா பெயர், படித்த பாடசாலை, முதல் ஆக்கம் வெளிவந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வாசிக்கும்போது சாதாரணக் குறிப்பு போல இருக்கும். ஆனால் ஒருவரின் முதல் ஆக்கம் எந்தப் பத்திரிகையில், எந்த ஆண்டில் வந்தது என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். ஜனாஸாவுக்குப் பிறகு கேட்டால், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பிற்காலத்தில் அவர் தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் வந்தார். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில், சம்பளமும் இல்லாமல் பட்டமும் இல்லாமல், நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். அங்கே ஒரு விதி உண்டு. நம்பகமான, வெளியான ஆதாரம் இல்லாமல் ஒருவரைப் பற்றி எழுதினால் அது நிலைப்பது கடினம். நமது ஊர்களின் எழுத்தாளர்களுக்கு அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? அவருடைய விபரத்திரட்டே ஆதாரமானது. வருடக்கணக்காகச் சேர்த்த தாள்கள் இல்லையென்றால், கணினித் திரையில் நமது ஆட்களைக் காண்பது கஷ்டம்தான். அங்கே அவரோடு எழுதியவர்கள் பலர் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள். அவர்களுக்கு உடத்தலவின்னை என்ற பெயரைப் பழக்கப்படுத்தியவர் சேர்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2009இல் யுத்தம் முடிந்த நேரம், வவுனியா முகாம்களில் இருந்த பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள்களும் வழிகாட்டிகளும் இலவசமாகப் போய்ச் சேர அவர் உழைத்தார். தொலைவில் இருக்கும் பிள்ளையையும் தன் மாணவனாக நினைத்தவர்.

அவர் மறைந்து சரியாக இரண்டு வருடத்தில், 2018 மார்ச்சில், திகன முதல் அக்குறணை வரை நாம் என்ன கண்டோம் என்று உங்களுக்குத் தெரியும். கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. “நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?” என்று கேட்கும் குரல்களும் கேட்டன. அதற்குக் கோபத்தால் பதில் சொல்ல முடியாது. மடிகே என்ற ஊர்ப்பெயரும், பழைய உறுதியும், இன்னார் இந்தப் பாடசாலையில் இத்தனை வருடம் படிப்பித்தார் என்ற ஒரு வரிக் குறிப்பும்தான் பதில். சேர் நமக்கு விட்டுப் போனது அந்தப் பதில்தான்.

நமது அம்பிட்டியவைப் பாருங்கள். இங்குள்ள குருமடத்தின் கதை உலகத்துக்கே தெரியும். 1893இல் பாப்பரசரின் பெயரால் தொடங்கி, இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் வந்து படித்த இடம். 1955இல் அது பூனாவுக்கு இடம் மாறியது, இங்கே தேசிய குருமடம் தொடர்ந்தது. ஒரு நிறுவனம் தன் கதையைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அதே பாதையில் தேநீர்க் கடை போட்டவர், தையல் மெஷினோடு நாற்பது வருடம் இருந்தவர், லயத்துப் பிள்ளைகளுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், இவர்களுக்கு நிறுவனம் கிடையாது. நாம்தான் இருக்கிறோம்.

ஆகவே உறவுகளே, சேரை நினைப்பதென்றால் இதைச் செய்வோம். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்னால், பென்சிலால், இருப்பவர்களின் பெயரையும் வருடத்தையும் எழுதுவோம். மூத்தம்மா, அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டு ஆச்சி யாராக இருந்தாலும், அவர்கள் பேசும்போது கைபேசியில் பதிவு செய்வோம். பாடசாலைகளின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்களைக் கறையான் தின்னும் முன் படம் எடுத்து வைப்போம். உங்கள் குடும்பத்தில் எழுதியவர், பாடியவர், படிப்பித்தவர் இருந்தால், கீழே அவருடைய பெயரையும் ஊரையும் வருடத்தையும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

வல்ல அல்லாஹ் புன்னியாமீன் சேரின் நற்பணிகளை ஏற்று, அவருக்கு மேலான சுவர்க்கத்தை வழங்குவானாக. ஆமீன்.