அம்மன் காசு முதல் பிட்காயின் வரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். மாவட்டத்தின் பெரும்பகுதி உள்நாடு. கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு சிறு நிலப்பகுதி பாக் நீரிணையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்கள் அந்தக் கரைப் பகுதியைச் சேர்ந்தவை. இக்கரையும் புதுக்கோட்டை நகரமும் ஒரே மாவட்டமானது 1974ஆம் ஆண்டு ஜனவரியில்தான். அதற்கு முன் கரைப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இன்னும் பின்னோக்கி, 1948க்கு முன் சென்றால், இடையில் கிடந்தது மாவட்ட எல்லைகூட அன்று. இரண்டு ஆட்சிகளின் எல்லை. கிழக்கே பிரிட்டிஷ் இந்தியா. மேற்கே தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை சமஸ்தானம்.

அக்காலத்தில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து கருவாட்டு மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைச் சந்தைக்குப் போகும் ஒரு வியாபாரியைக் கற்பனை செய்துகொள்வோம். அறந்தாங்கி வரையில் அவர் மடியில் இருப்பது அணாவும் பைசாவும் தம்பிடியும். சமஸ்தான எல்லையைத் தாண்டியதும் சில்லறையாக அவர் கைக்கு வேறொரு காசு வருகிறது. மிகச் சிறிய செம்புக் காசு. ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். அதற்கு அம்மன் காசு என்று பெயர். சந்தை முடிந்து ஊர் திரும்பும்போது, மீந்த அம்மன் காசுகளை எல்லைக்கு முன்பே அவர் செலவழித்துவிடுவது நல்லது. கடற்கரையில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் எவருக்கும் கிடையாது.

கிரிப்டோ நாணயத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் கருவாட்டு வண்டியில் ஏன் ஏறுகிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பிட்காயின் முதலியவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கணிதத்தைப் பேசுகிறார்கள். அல்லது அதன் விலையைப் பேசுகிறார்கள். ஒரு காசு எந்த எல்லைவரை செல்லும், அது செல்லாமற்போனால் நஷ்டம் யார் தலையில் விழும் என்ற பழைய கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு அம்மன் காசு நல்ல பாடம்.

அதன் மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருபது அம்மன் காசு ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே ரூபாய்க்கு 320 காசு. பிரிட்டிஷ் இந்தியாவின் மிகச் சிறிய நாணயமான தம்பிடியோ ரூபாய்க்கு 192தான். அதாவது பேரரசின் கடைசிச் சில்லறையைவிடவும் சிறியது சமஸ்தானத்தின் காசு. கறிவேப்பிலையும் உப்பும் வாங்குகிறவனுக்கு ஏற்ற காசு என்று சொல்லலாம். நவராத்திரி நாட்களில் அரண்மனையில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுத்து வந்தார்கள். பிரகதாம்பாளுக்கு 'அரைக்காசு அம்மன்' என்று இன்றும் ஒரு பெயர் வழங்குவது இந்தத் தொடர்பினால்தான்.

ஏறத்தாழ 1,200 சதுர மைலே உள்ள ஒரு சமஸ்தானம், சூரியன் மறையாத பேரரசின் நடுவே, சொந்தக் காசு வைத்துக்கொள்ள முடிந்தது எப்படி? பிரிட்டிஷார் பல சமஸ்தானங்களின் காசடிக்கும் உரிமையைப் படிப்படியாக ஒடுக்கினார்கள். தென்னாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் அதைத் தக்க வைத்துக்கொண்டவை மிகச் சில. புதுக்கோட்டைக் காசின் மதிப்பு ரூபாயோடு கட்டப்பட்டிருந்தது. அளவோ சில்லறை அளவு. பேரரசின் ரூபாய்க்கு அதனால் போட்டி ஏதும் இல்லை. 1889ஆம் ஆண்டில் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் காலத்தில் இக்காசு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இயந்திரங்களில் அடிக்கப்பட்டு வந்தது என்பதையும் கவனியுங்கள். சொந்த அம்மன், சொந்தப் பெயர். ஆனால் அச்சு சீமையில்! 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. அம்மன் காசின் காலமும் அத்துடன் முடிந்தது. செம்பு அதே செம்புதான். ஒரு குன்றிமணி எடையும் குறையவில்லை. அதற்குப் பின்னால் நின்ற அரசு போய்விட்டது.

காசே இல்லாமல் பணம் கடல் கடந்த வரலாறும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் சில புதுக்கோட்டை சமஸ்தானத்திலேயே இருந்தன. அவர்களுடைய கடைகள் இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தன. இரங்கூனில் ஒரு கடையில் பணத்தைக் கட்டினால் உண்டியல் என்ற தாள் கிடைக்கும். அதைச் செட்டிநாட்டில் காட்டினால் பணம் கிடைக்கும். வெள்ளி நாணயம் எதுவும் கப்பலேறவில்லை. இங்கே ஒரு பற்று, அங்கே ஒரு வரவு, அவ்வளவுதான். ஓலையிலும் தாளிலும் எழுதிய ஏடுகளே பணம். அந்த ஏட்டில் பொய் எழுதினால் என்ன ஆகும்? நகரத்தார் சமூகத்தில் அவர் மீண்டும் கடை திறக்க முடியாது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆளிருக்காது. காவலர் எவரும் இல்லாத அந்தக் கணக்குக்கு உறவும் கோயிலுமே காவல்.

அதுவும் அரசியல் புயலுக்கு முன் நிற்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலங்கள் செட்டியார் கடைகளிடம் வந்து சேர்ந்தன; 1937க்குள் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு அவர்கள் வசம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் ஏடும் நிலமும் அங்கேயே கிடக்க, மனிதர்கள் மட்டும் ஓடி வந்தார்கள். மலேயாவிலோ ஜப்பானியர் வாழைமரம் போட்ட நோட்டுகளை அச்சடித்துக் குவித்தனர். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறும் தாளாயின. மலேயாவில் உழைத்த தமிழ்க் குடும்பங்களில் சில, அந்த நோட்டுகளை வெகுகாலம் பெட்டியில் வைத்திருந்தன.

அரசின் பணம் தோற்பதற்குப் போர்தான் வேண்டும் என்பதில்லை. ஜெகதாப்பட்டினத்துக்கு எதிர்க்கரையில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 200ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்துக்குள் 360 அளவுக்கு வீழ்ந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் அந்நாட்டு அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியின்றிச் சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தன. பல ஆண்டுகள் சேமித்தவரின் சேமிப்பு, அவர் எந்தத் தவறும் செய்யாமலே, பாதியாயிற்று.

மன்னனையும் நம்ப வேண்டாம், வங்கியையும் நம்ப வேண்டாம், சமூகக் கட்டுப்பாட்டையும் நம்ப வேண்டாம். கணக்கேடு தானே தன்னைக் காத்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா? இதுவே பிட்காயினின் கேள்வி. உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த 2008 அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அப்பெயருக்கு உரியவர் யார் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. 2009 ஜனவரி 3ஆம் நாள் முதல் கணக்குப் பக்கம் எழுதப்பட்டது. வங்கிகளை அரசு மீண்டும் தூக்கிவிடப் போவதைச் சொல்லும் இலண்டன் நாளிதழ்த் தலைப்பு ஒன்றை அதில் பொதிந்து வைத்திருக்கிறார்கள். எரிச்சலின் அடையாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மின்காசில் உள்ள சிக்கல் எளிது. செம்புக் காசை உப்புக்காரரிடம் கொடுத்துவிட்டால் அது உங்கள் கையில் இல்லை. கணிப்பொறியில் உள்ள எண்ணையோ எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே காசை இருவரிடம் செலவழிக்காமல் தடுப்பது யார்? கூகுள் பேயிலோ போன்பேயிலோ நீங்கள் பணம் அனுப்பும்போது வங்கியின் ஏடு அதைத் தடுக்கிறது. பிட்காயினில் அந்த ஏட்டின் படி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து 256 இருமக் குறிகள் கொண்ட ஒரு முத்திரை எண் கணக்கிடப்படும். அந்த முத்திரை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதப்படும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதன் முத்திரை மாறும். அதனால் அடுத்த பக்கம் மாறும். சங்கிலி முழுதும் அறுந்துபோகும். பிளாக்செயின் என்பது இதுவே.

அத்துடன் முத்திரை எண் பல பூஜ்யங்களுடன் தொடங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அத்தகைய எண்ணைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை. பகடையை உருட்டிக்கொண்டே இருப்பதுபோல் மீண்டும் மீண்டும் முயல வேண்டும். முதலில் வெற்றி பெறும் கணிப்பொறிக்குப் புதிய பிட்காயின் பரிசு. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 ஆக இருந்த இப்பரிசு ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 2024 ஏப்ரல் முதல் 3.125. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிட்காயின் பிறக்காது.

ஏட்டைத் திருத்த நினைக்கும் திருடன் அத்தனை பகடையையும் மீண்டும் உருட்ட வேண்டும். அதற்கு ஆகும் மின்சாரமே காவல். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இங்கேதான் வியப்பும் உறுத்தலும். இந்தப் பகடை ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் ஆகும் மின்சாரம் 10,000 கோடி யூனிட்டுக்கு மேல் என மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாடு முழுவதும் ஓராண்டில் செலவழிப்பதோடு ஒப்பிடத்தக்க அளவு. விளக்கெரிக்காமல், நீர் இறைக்காமல், கடைசியில் அவ்வளவும் வெப்பமாக வெளியேறுகிறது. எல்லாக் கிரிப்டோ நாணயங்களும் இப்படி அல்ல. எதீரியம் 2022 செப்டம்பரில் வேறு முறைக்கு மாறித் தன் மின்செலவைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிட்காயினுக்கு உரிமைச் சீட்டு ஓர் இரகசிய எண் மட்டுமே. அதை மறந்தால் பணம் போயிற்று. ஊகித்துக் கண்டுபிடிப்போம் என்றால், சாத்தியமான எண்களின் தொகை ஒன்றை அடுத்து எழுபத்தேழு பூஜ்யம் போட்ட அளவு. தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். இந்த வேண்டுதல் அவளுக்கும் சிரமந்தான்.

சரி, இது பணமா? உப்பு வாங்கும் காசு என்றால் அதன் மதிப்பு காலையில் இருந்தது மாலையிலும் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 60,000 டாலருக்கு மேல் விற்றது. ஓராண்டுக்குள் 17,000க்குக் கீழே போனது. இந்தக் குறையைப் போக்க, டாலரோடு மதிப்பைக் கட்டிய நாணயங்களைத் தனியார் வெளியிட்டனர். ரூபாய்க்கு 320 என்று கட்டிய அம்மன் காசின் உத்திதான் இது. அவற்றுள் டெரா என்பதன் கட்டு 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அவிழ்ந்தது. பின்னால் டாலர் இருப்பு இல்லை. வேறொரு கிரிப்டோ நாணயமே இருந்தது. இரண்டும் சேர்ந்து விழுந்தன. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான செலாவணியாக்கியது. பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்கச் சென்றபோது, வணிகர்கள் அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியில் கைவிட நேர்ந்தது. பேரரசு சமஸ்தானத்துக்கு வரம்பு விதித்த கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில், கிரிப்டோ வியாபாரிகளுக்கு வங்கிகள் சேவை செய்யக் கூடாது என ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் அந்த ஆணையை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் இலாபத்துக்கு 30 சதவிகித வரி. தடை செய்யவில்லை, பணம் என்று ஒப்புக்கொள்ளவுமில்லை. 2022 டிசம்பர் 1ஆம் நாள் ரிசர்வ் வங்கியே மின் ரூபாயைப் பொதுமக்களுக்கென்று சோதனை முறையில் வெளியிட்டது. இது கிரிப்டோ நாணயம் அன்று. வடிவம் மாறிய அதே ரூபாய், அரசின் பொறுப்போடு.

'கிரிப்டோவில் போடுங்கள், மூன்று மாதத்தில் இரட்டிப்பு' என்ற செய்தி மாணவர்களாகிய உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். படகுக் கடனை அடைக்கப் பாடுபடும் வீட்டுக்கும் வருகிறது. இரட்டிப்பாக்குவோம் என்று யாரேனும் உறுதி சொன்னால், அங்கே கணிதம் ஒன்றும் இல்லை. பழைய சீட்டு மோசடிதான். நேர்மையான சந்தையில் வாங்கினாலும், பெரும்பாலோர் அந்த இரகசிய எண்ணைத் தாமே வைத்துக்கொள்வதில்லை. வாங்கிய நிறுவனத்திடமே விட்டுவிடுகிறார்கள். யாரையும் நம்ப வேண்டாத பணத்தை, முன்பின் அறியாத ஒருவரை நம்பி வைத்திருக்கிறார்கள்!

2024 ஜூலையில் வசிர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. களவு போனவை எதீரியம் வகையைச் சேர்ந்தவை. ஆனால் நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் பங்கிடுவது என்று நிறுவனம் முனைந்தது. எக்ஸ்ஆர்பி என்ற வேறு நாணயம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கையால் தொட முடியாததும் செலாவணி அல்லாததுமான இதற்கு யார் உரிமையாளர்? 2025 அக்டோபரில் நீதிமன்றம் விடை சொன்னது: கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை ஒருவர் அனுபவிக்கலாம், பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும். நடுவர் முன்னுள்ள வழக்கு முடியும்வரை அந்த வாடிக்கையாளரின் நாணய மதிப்புக்கு ஈடு காட்டும்படியும் நிறுவனத்துக்கு உத்தரவாயிற்று. ஈடாகக் கேட்கப்பட்டது வங்கி உத்தரவாதம், இந்திய ரூபாயில்.