கிறிஸ்துமஸ் சர்க்கரைக் குக்கீயின் வரலாறு

கிறிஸ்துமஸ் சர்க்கரைக் குக்கீ என்பது மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தி மாவைப் போலத் தேய்த்து, விண்மீன், மரம், மணி, இதயம் முதலிய வடிவங்களில் வெட்டி, ஓவனில் சுட்டெடுக்கப்படும் இனிப்புப் பண்டம் ஆகும். ஆறிய பின் அதன்மேல் வண்ண ஐசிங் பூசி அலங்கரிப்பர். டிசம்பர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் பல குடும்பங்களில் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து இதைச் செய்கின்றனர். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றிலும் இதையொத்த பண்டங்கள் உண்டு.

பார்வைக்கு எளிய பண்டமாகத் தோன்றினாலும், ஆசியாவின் நறுமணப் பொருள் வணிகம், ஐரோப்பியக் கைவினைஞர் சங்கங்கள், அட்லாண்டிக் அடிமை முறை, தமிழர் உள்ளிட்ட ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பு, அடுப்பின் வளர்ச்சி எனப் பல வரலாறுகள் இதில் கலந்துள்ளன.

பெயர்க் காரணம்

'குக்கீ' என்னும் சொல் 'கூக்யெ' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'சிறிய கேக்' என்பது அதன் பொருள். 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டச்சுக்காரர்கள் நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் குடியேற்றத்தை அமைத்தனர். 1664இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி நியூயார்க் எனப் பெயரிட்டனர். ஆட்சி மாறினாலும் டச்சுக் குடும்பங்களின் சமையற் சொற்கள் மறையவில்லை. பிரிட்டனில் 'பிஸ்கட்' என்று வழங்குவதை அமெரிக்கர் 'குக்கீ' என்று அழைப்பதற்கு இதுவே காரணம்.

இதே டச்சுச் சொல் இலங்கைக்கும் வந்துள்ளது. டச்சுக்காரர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டனர். அங்கு சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யப்படும் 'கொக்கிஸ்' என்னும் பலகாரத்தின் பெயரும் டச்சு மொழியிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. ஆனால் பண்டம் வேறு. அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கரைத்து, பூ வடிவ இரும்பு அச்சை அதில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பதே கொக்கிஸ். பெயர் மட்டும் கடல் கடந்து வந்து உள்ளூர்ப் பலகாரத்தில் ஒட்டிக்கொண்டது.

ஐரோப்பியத் தொடக்கம்

இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை அரிய பொருள். இனிப்புக்குத் தேனையே பயன்படுத்தினர். தேனுடன் இஞ்சி, பட்டை, கிராம்பு, ஏலம், மிளகு சேர்த்துச் செய்த பண்டங்கள் பண்டிகைக் காலத்திற்கு உரியவையாக இருந்தன. ஜெர்மன் மொழியில் இவற்றுக்கு 'மிளகுக் கேக்' என்ற பெயரும் வழங்கியது.

இந்த நறுமணப் பொருள்கள் ஐரோப்பாவில் விளைவதில்லை. மிளகும் ஏலமும் மலபார் கரையிலிருந்தும், உயர்வகைப் பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பு மலுக்குத் தீவுகளிலிருந்தும் சென்றன. இஞ்சியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் கிரேக்கம், பாலி மொழிகளின் வழியாகத் திராவிடச் சொல்லான 'இஞ்சி'யோடு தொடர்புடையவை என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர்.

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் இவ்வகைப் பண்டத்திற்குப் புகழ்பெற்றது. நகரத்தைச் சூழ்ந்த காடுகளில் தேன் கிடைத்தது. வணிகப் பாதைகள் சந்திக்கும் நகரமாதலால் நறுமணப் பொருள்களும் வந்து சேர்ந்தன. 'லேப்கூகன்' என்னும் தேன் கேக்கைச் சுடுவோர் 1643இல் அங்குத் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

அக்காலத்தில் வடிவம் கொடுக்கப் பெரிதும் பயன்பட்டது மர அச்சு ஆகும். மரப் பலகையில் உருவங்களைக் குழிவாகச் செதுக்கி, மாவை அதில் அழுத்தி எடுப்பர். தென் ஜெர்மனியின் 'ஷ்ப்ரிங்கர்லே', நெதர்லாந்தின் 'ஸ்பெகுலாஸ்' ஆகியவை இன்றும் இம்முறையில் செய்யப்படுகின்றன. மர அச்சு மாவின்மேல் படத்தைப் பதிக்கும். தகர வெட்டி மாவின் விளிம்பை மட்டும் வெட்டும். பிற்காலத்தில் வெட்டி பரவியபோது, செதுக்கிய படத்தின் இடத்தை வண்ண ஐசிங் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் பரவல்

அமெரிக்கக் குடியேற்றங்கள் அனைத்திலும் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படவில்லை. தூய்மைவாதக் கிறித்தவர்கள் ஆண்ட மாசசூசெட்ஸ் பகுதியில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் சட்டப்படி தடை செய்யப்பட்டது. மீறினால் 5 ஷில்லிங் தண்டம். இச்சட்டம் 1681இல் நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, நியூயார்க்கின் டச்சுக்காரரும் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரும் தம் தாய்நாட்டுப் பண்டிகை வழக்கங்களை விடாமல் காத்தனர். கிறிஸ்துமஸ் குக்கீ அமெரிக்க வழக்கமாக வேரூன்றியது இவ்விரு மக்களாலேயே.

1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டு நகரில் அமீலியா சிம்மன்ஸ் என்பவர் 'அமெரிக்கச் சமையல்' என்னும் நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டில் அச்சான முதல் சமையல் நூலாக இது கருதப்படுகிறது. நூலின் முகப்பில் அவர் தம்மை 'அமெரிக்க அனாதை' என்று குறிப்பிட்டுக்கொண்டார்.

இந்நூலில் கிறிஸ்துமஸ் குக்கீக்கான குறிப்பு ஒன்று உள்ளது. 3 பவுண்டு மாவு, 1 பவுண்டு வெண்ணெய், ஒன்றரைப் பவுண்டு சர்க்கரை, ஒரு தேநீர்க் கோப்பை அளவு பொடித்த கொத்தமல்லி விதை ஆகியவை அதற்குத் தேவை. பாலில் கரைத்த 'முத்துச் சாம்பல்' என்னும் காரமும் சேர்க்க வேண்டும். மாவை முக்கால் அங்குலக் கனத்தில் தேய்த்து விரும்பிய வடிவில் வெட்டிச் சுட வேண்டும். சுட்டதும் கடினமாக இருக்கும் என்றும், மண்பானையில் இட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்து மென்மையாகிச் சுவை கூடும் என்றும் அவர் எழுதியுள்ளார். தமிழர் குழம்புக்கு அரைக்கும் மல்லி, அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் இனிப்புக்கு மணமூட்டியது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

தகர வெட்டிகள்

பென்சில்வேனியா ஜெர்மானியரிடையே தகர வேலை செய்யும் கைவினைஞர்கள் இருந்தனர். விளக்கு, பாத்திரம் செய்து மிஞ்சிய தகரத் துண்டுகளை வளைத்துப் பற்றவைத்துக் குக்கீ வெட்டிகளைச் செய்தனர். பறவை, குதிரை, இதயம், விண்மீன், மனித உருவம் ஆகியவை விரும்பப்பட்ட வடிவங்கள். வெட்டியின் பின்புறத் தகட்டில் ஒரு துளை இருக்கும். மாவு ஒட்டிக்கொண்டால் விரலால் தள்ளுவதற்கும், காற்று வெளியேறுவதற்கும் அது உதவியது. கையால் செய்த இவ்வெட்டிகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் ஜெர்மானிய வழக்கம் பிற மக்களிடமும் பரவியது. விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் இதழ் ஒன்றில் வெளியானது. அப்படத்தை அமெரிக்காவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' இதழ் 1850இல் சற்று மாற்றி வெளியிட்டது. அரசியின் முடி நீக்கப்பட்டு, அது சாதாரண அமெரிக்கக் குடும்பமாகக் காட்டப்பட்டது. நூலில் கோத்த குக்கீகளை மரத்தில் தொங்கவிடும் வழக்கமும் மரத்தோடு சேர்ந்தே பரவியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எந்திரத்தால் செய்த மலிவான வெட்டிகள் கடைகளுக்கு வந்தன.

சர்க்கரையும் உழைப்பும்

தேன் கேக் எப்போது சர்க்கரைக் குக்கீயாக மாறியது என்பதற்கு விடை, சர்க்கரை எப்போது மலிவானது என்பதில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டுக் குடும்பங்கள் சர்க்கரையைக் கூம்பு வடிவக் கட்டியாக வாங்கி, இடுக்கியால் வெட்டி, இடித்துப் பயன்படுத்தின. அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அமீலியா சிம்மன்ஸின் நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன், 1795இல், லூசியானாவில் எத்தியென் தெ போரே என்பவரின் தோட்டத்தில் கரும்புச் சாற்றிலிருந்து படிகச் சர்க்கரை எடுப்பதில் வெற்றி கிடைத்தது. அதன்பின் அங்கும் அடிமை உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் பெருகின.

இதற்கு எதிர்ப்பும் சமையலறையிலிருந்தே எழுந்தது. 1791இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அடிமை வணிக ஒழிப்புத் தீர்மானத்தைத் தோற்கடித்தபோது, அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்குவதில்லை என்ற இயக்கம் தொடங்கியது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் இதில் கலந்துகொண்டதாக ஒழிப்பு இயக்கத் தலைவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அன்று பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் வீட்டுக்கு எந்தச் சர்க்கரை வாங்குவது என்பதை அவர்கள் முடிவு செய்ய முடிந்தது. பின்னர், 'அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதப்பட்ட சர்க்கரைக் கிண்ணங்களும் விற்கப்பட்டன.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தோட்ட முதலாளிகள் கூலிகளுக்காக இந்தியாவை நாடினர். 1834 முதல் மொரிஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். அவர்களில் தமிழரும் இருந்தனர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் இந்தியர் உழைப்பு இதனுடன் தொடங்கியது. பிஜித் தீவுக்கு 1879 முதல் இந்தியர் அனுப்பப்பட்டனர். 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்தும் ஆள் சேர்க்கப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் தமிழர் சென்றனர். பிஜியில் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடலில் பதிவு செய்துள்ளார்.

ஐரோப்பாவில் மற்றொரு வழியும் திறந்தது. 1747இல் பெர்லின் வேதியியலாளர் ஆந்திரேயாஸ் மார்க்கிராப் பீட்ரூட் வகைக் கிழங்கிலும் சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார். அவருடைய மாணவர் அஷார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையை நிறுவினார். கரும்பும் கிழங்கும் போட்டியிட்டதால் விலை சரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கிறிஸ்துமஸ் குக்கீ கிடைக்கும் நிலை வந்தது.

அடுப்பும் அளவும்

மாவை உப்பச் செய்வதற்கு முதலில் பயன்பட்ட முத்துச் சாம்பல், மரச் சாம்பலிலிருந்து எடுத்த காரம் ஆகும். ஜெர்மானியர் மான்கொம்பு உப்பு எனப்படும் அமோனியம் கார்பனேட்டைப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டில் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் வந்து இவற்றின் இடத்தைப் பெற்றன.

செங்கல் அடுப்பின் சூட்டை அக்காலப் பெண்கள் கையை உள்ளே நீட்டி, எத்தனை வினாடி தாங்குகிறது என்று எண்ணி அறிந்தனர். பின்னர் வார்ப்பிரும்பு அடுப்பும், அதன்பின் எரிவாயு அடுப்பும் வந்தன. 1923இல் பிரிட்டனில் 'ரெகுலோ' என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி எரிவாயு அடுப்புகளில் அறிமுகமானது. மெல்லிய குக்கீ ஓரிரு நிமிடத்தில் கருகிவிடும் என்பதால் இக்கருவி பெரிதும் பயன்பட்டது. 1896இல் வெளியான பேனி பார்மரின் பாஸ்டன் சமையற்பள்ளி நூல், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கும் முறையைப் பரப்பியது. பாட்டியின் கைப்பக்குவத்தை நூலைப் பார்த்துச் செய்ய முடிந்தது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1940 ஜனவரியில் சர்க்கரைப் பங்கீடு தொடங்கி 1953 வரை நீடித்தது. அமெரிக்காவில் 1942 மே மாதத்தில் பங்கீட்டுக்கு வந்த முதல் உணவுப்பொருள் சர்க்கரையே. தொடக்கத்தில் ஒருவருக்கு வாரத்திற்கு அரைப் பவுண்டு கிடைத்தது. 1947இல்தான் கட்டுப்பாடு நீங்கியது. அந்த ஆண்டுகளில் இல்லத்தரசிகள் வாரந்தோறும் சர்க்கரையை மிச்சம் பிடித்தும், தேன், சோளப் பாகு, கரும்புப் பாகு ஆகியவற்றைக் கலந்தும் பண்டிகைக் குக்கீயைச் செய்தனர்.

செய்முறையும் காரணமும்

இன்று வழக்கிலுள்ள ஒரு பொது அளவு: மைதா 350 கிராம், வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 1, வனிலா 1 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, முட்டை சேர்த்து, கடைசியில் மாவைக் கலக்க வேண்டும். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்தால் மாவிலுள்ள பசைப் புரதம் வலுப்பெற்றுக் குக்கீ ரப்பர் போலாகிவிடும்.

பிசைந்த மாவை ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெண்ணெய் உறைந்திருந்தால்தான் வெட்டிய விளிம்பு கூர்மையாக நிற்கும். இளகியிருந்தால் ஓவனில் பரவி, விண்மீன் வட்டமாகிவிடும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, 175 டிகிரி செல்சியசில் 8 முதல் 12 நிமிடம் வரை சுட வேண்டும். விளிம்பு இலேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். நன்கு ஆறிய பின்னரே ஐசிங் பூச வேண்டும்.

குழந்தைகள் பச்சை மாவைச் சுவைப்பதைத் தடுப்பது நல்லது. பச்சை முட்டையில் மட்டுமன்றி, சுடாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். 2016இல் அமெரிக்காவில் மாவின் வழியாக ஈ.கோலை நோய் பரவிய நிகழ்வு இதை உணர்த்தியது.

தமிழர் வழக்கம்

தமிழ்நாட்டுக் கிறித்தவ இல்லங்களில் ஓவன் அண்மைக் காலத்தில்தான் பரவியது. எனவே கிறிஸ்துமஸ் பலகாரங்கள் பெரும்பாலும் எண்ணெய்ச் சட்டியிலேயே உருவாயின. அச்சு முறுக்கு அல்லது ரோஸ் குக்கீ, கல்கல், முறுக்கு, அதிரசம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சீப்பிலோ முள்கரண்டியிலோ மாவை உருட்டிக் கல்கல் செய்ய வீட்டார் அனைவரும் உட்காருவர். அமெரிக்க வீட்டில் குக்கீ வெட்டக் குழந்தைகள் மேசையைச் சூழ்வதும் இதுவும் ஒரே தன்மையின. செய்த பலகாரத்தைத் தட்டில் வைத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் வழக்கமும் இரு இடங்களிலும் உண்டு.

இன்று எல்லாக் குக்கீகளும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆயினும் டிசம்பரில் வீட்டில் மாவு பிசைவது நின்றுவிடவில்லை. பண்டத்தைப் போலவே அதைச் சேர்ந்து செய்யும் பொழுதும் பண்டிகையின் ஒரு பகுதியாக மதிக்கப்படுகிறது.