முன்னே நடந்தவர்கள்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உள்ளது. பெரிய புனித பெர்நார்து கணவாய் என்பது அதன் பெயர். வட ஐரோப்பியத் திருப்பயணிகள் பல நூற்றாண்டுகளாக இவ்வழியே உரோமைக்குச் சென்று திரும்பினர். ஆண்டின் பெரும்பகுதி இவ்வழி பனியில் புதைந்து கிடக்கும்.

1129-ஆம் ஆண்டின் தொடக்கம். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த சின்த் துருய்டன் துறவு மடத்தின் தலைவர் ருடோல்ஃப், உரோமையிலிருந்து திரும்பும் வழியில் இக்கணவாயின் அடிவாரத்தை அடைந்தார். சேன் ரேமி என்னும் சிற்றூரில் பயணிகள் பலர் வழி திறக்கக் காத்திருந்தனர். மிகுந்த கூலி பேசி அவ்வூர் வழிகாட்டிகளை அமர்த்தினர். கம்பளத் தொப்பியும் கையுறையும் அணிந்து, ஆணி பதித்த காலணிகளோடு, பனியில் ஊன்றி வழியறியும் நீண்ட கழிகளை ஏந்தி அவர்கள் முன்னே சென்றனர். பயணிகள் கோவிலில் மன்றாடிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் அழுகுரல் எழுந்தது. மலையினின்று சரிந்த பனித்திரள் வழிகாட்டிகளுள் பத்துப் பேரை வாரிச் சென்றுவிட்டது. சிலரைப் பிணமாகவும் சிலரைக் குற்றுயிராகவும் ஊரார் தோண்டியெடுத்தனர். அஞ்சிக் கீழிறங்கிய பயணிகள், சில நாள்களுக்குப் பின் மீண்டும் ஏறிக் கணவாயைக் கடந்தனர்.

இதை எண்ணும்போதெல்லாம் ஒரு வினா என் நெஞ்சை உறுத்துகிறது. கோவிலில் மன்றாடியவர்கள் பிழைத்தார்கள். அவர்களுக்காக முன்னே நடந்தவர்கள் மாண்டார்கள். கூலிக்குத்தானே சென்றார்கள் என்று கூறி இதைத் தள்ளிவிட மனம் ஒப்பவில்லை.

பனி எவருடைய பத்தியையும் பாவத்தையும் எடைபோடுவதில்லை. அதற்கென ஓர் இயல்பு உண்டு. பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் ஓர் அடுக்கு வலுவின்றி இருந்தால், மேலே இறுகிய பலகை போன்ற பனி பற்றுதலின்றி நிற்கும். காற்று மறுபக்கச் சரிவில் மேலும் பனியைக் குவிக்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே நிகழ்கின்றன. அங்கே ஒரு மனிதரின் எடையே போதும், பலகை முறிந்துவிடும். புதைந்தவரைக் கால்மணி நேரத்திற்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. அரைமணி கடந்தால் மூச்சுத் திணறிப் பெரும்பாலோர் இறக்கின்றனர்.

இவ்வியல்பை அறிந்தே அங்கு அன்பு பணியாற்றியது. ஏறத்தாழ 1050-இல் அவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டரான புனித பெர்நார்து கணவாயின் உச்சியில் பயணியர் இல்லம் ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் அங்கிருந்த அகுஸ்தீனார் சபைத் துறவியர் மூடுபனியிலும் வெளியே சென்று வழிதவறியோரைத் தேடினர். அவர்கள் வளர்த்த நாய்கள் புகழ்பெற்றவை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்வர். தாமும் மலையேறியவரான திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர், 1923-இல் பெர்நார்தை மலைவாழ்வோருக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். தாவோஸ் நகரை ஒட்டிய மலையில் 1930-களிலேயே தொடங்கிய பனி ஆராய்ச்சி அதன்பின் மேலும் வலுப்பெற்றது. 1993 முதல் ஐரோப்பிய நாடுகள் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக அறிவித்துவருகின்றன. 1964-இல் கணவாயின் கீழே சுரங்கச் சாலையும் திறக்கப்பட்டது. ஆயினும் பனிச்சறுக்குக் கட்டைகளோடு இன்பப் பயணமாக மலைக்குள் செல்வோர் இன்றும் சாகின்றனர். மாண்டோருள் பெரும்பாலோர் மீது விழுந்த சரிவு, அவர்களோ உடன் வந்தோரோ மிதித்துக் கிளப்பியதே. எச்சரிக்கையைக் கேட்டும் திரும்பிவர மனமில்லாததே பலருக்கு முடிவாகிறது.

மன்றாடுவோர் கதவைத் திறந்து வானத்தையும் பார்க்க வேண்டும். "இன்று வேண்டாம்" என்று வழியறிந்தவர் சொன்னால் காத்திருப்பதும் பத்தியே. நமக்காக முன்னே செல்வோரின் உயிர் நம் அவசரத்தைவிட மேலானது. மடத்தலைவரின் பெயரை வரலாறு காத்துவைத்துள்ளது. அந்தப் பத்துப் பேரையோ வழிகாட்டிகள் என்ற பொதுப்பெயரால் மட்டுமே அறிகிறோம். அடுத்த முறை நலமாகப் பயணம் முடித்து நன்றி கூறும்போது, நமக்குமுன் அவ்வழியில் நடந்தவர்களையும் நினைத்து ஒருமுறை மன்றாடுவோம்.